இறுக்கினால் நிற்காது

“அம்பாசடர்தானே, ஒழுகத்தாண்ணே செய்யும்.”

என்ஜினை இறக்கி, போர் பண்ணி, கிராங்க் கிரைண்டிங் கொடுத்து, ரிங் பேரிங் எல்லாம் புதுசு போட்டு, கேட்ட தொகையை எண்ணி வைத்து வண்டியை வீட்டுக்கு எடுத்துப்போனவர் நாலாம் நாள் திரும்பி வருகிறார். ஷெட் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு வட்டம். அவருக்குச் சொல்லப்படும் ஆறுதல்தான் மேலே இருப்பது. கூடவே ஒரு ஜோக்கும் உண்டு. பழைய இங்கிலீஷ் வண்டியில் ஆயில் ஒழுகவில்லை என்றால் உள்ளே ஆயில் தீர்ந்துபோச்சு என்று அர்த்தமாம். நானும் பலமுறை சிரித்திருக்கிறேன். வண்டிக்காரர் மட்டும் அவ்வளவாகச் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

ஆள் கொஞ்சம் விடாப்பிடியானவராக இருந்தால் அடுத்த வசனம் வரும். “சேம்பர் போல்ட்டை இன்னொரு கால் சுத்து டைட் வெச்சு, சுத்திலும் பேஸ்ட் அடிச்சு விடுறேன், நின்னுரும்.” ஒழுகுவது வண்டியின் பிறவிக்குணம் என்று சொன்ன அதே வாய்தான், கால் சுற்றில் நின்றுவிடும் என்றும் சொல்கிறது. இரண்டில் ஒன்றாவது பொய்யாக இருக்க வேண்டும். என் அனுபவத்தில் இரண்டுமே பொய். இரண்டாவது பொய்யைச் செய்து செய்தே முதல் பொய்யை நாம் உண்மையாக்கிக்கொண்டோம்.

வெளியே நின்று கல்லெறிகிறவன் இல்லை நான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இதே கிரீஸில் கை வைத்தவன். அந்தக் கால் சுற்றை நானே எத்தனையோ வண்டிக்கு வைத்திருக்கிறேன். அதனால்தான் அது எப்படி வேலை செய்யாது என்பதை இவ்வளவு விவரமாகச் சொல்ல முடிகிறது.

சேம்பர் என்று பட்டறையில் சொல்வது என்ஜினின் அடியில் தொங்கும் தகரத் தொட்டியை. புத்தகத்தில் ஆயில் சம்ப், ஆயில் பேன் என்றிருக்கும். தொட்டி விளிம்புக்கும் பிளாக்குக்கும் நடுவே உட்காருவது கார்க் பேக்கிங். இந்தப் பேக்கிங் எதைத் தடுத்து நிறுத்துகிறது என்று ஒரு பட்டறைப் பையனைக் கேட்டுப் பாருங்கள். “ஆயில் பிரஷரைத் தாங்குதுண்ணே” என்பான். அங்கே பிரஷரே கிடையாது. பம்ப் தள்ளும் அழுத்தமெல்லாம் மெயின் பேரிங்குக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கும் போகும் துளைகளுக்குள்தான். வேலை முடிந்த எண்ணெய் சுவரோரமாக வழிந்து தொட்டியில் விழுந்து சும்மா கிடக்கிறது. பெரும்பாலான என்ஜின்களில் நிறுத்தி வைத்த வண்டியின் எண்ணெய் மட்டம் பேக்கிங் விளிம்புக்கும் கீழேதான் நிற்கும். ஆக, அந்தக் கார்க் துண்டின் வேலை தெறிப்பதையும் வழிவதையும் வெளியே விடாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். டிபன் பாக்ஸ் மூடி செய்கிற வேலை. இதற்கு யானை பலம் எதற்கு?

அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜின் பிரிட்டனின் பிஎம்சி கம்பெனி வடிவமைத்த பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சிசி என்ஜினும் அதே குடும்பம்தான். அந்த எம்ஜிபியின் ஒர்க்‌ஷாப் கையேட்டில் ஹெட் நட்டுக்கு 45 முதல் 50 பவுண்டு-அடி, மெயின் பேரிங் நட்டுக்கு 70 பவுண்டு-அடி என்று போட்டிருக்கும். சேம்பர் போல்ட்டுக்கு எவ்வளவு தெரியுமா? 6 பவுண்டு-அடி. நியூட்டன் மீட்டரில் சுமார் 8. அச்சுப்பிழை என்று நினைத்து 60 வைத்துப் பார்த்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். போல்ட் தலை கையோடு வந்துவிட்டது.

இந்த 8 நியூட்டன் மீட்டர் அற்பமாகத் தோன்றும். கணக்குப் போட்டால் தோன்றாது. கால் இஞ்ச் போல்ட்டை அவ்வளவு திருகினாலே, மரையின் உராய்வு போக, தோராயமாக 600 கிலோ எடைக்குச் சமமாக அது விளிம்பை அமுக்கிப் பிடிக்கும். ஒரு போல்ட்டுக்கு. சேம்பரைச் சுற்றி அப்படி எத்தனை போல்ட் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இப்போது நம் கைக்கு வருவோம். பத்து இஞ்ச் ராட்செட்டின் நுனியைப் பிடித்து, பெரிய முயற்சி எதுவும் இல்லாமல் பத்து கிலோ பலத்தில் இழுத்தால் 25 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். கையேடு கேட்பதைப்போல் மூன்று மடங்கு. “லேசாத்தாண்ணே வெச்சேன்” என்று பையன் சொல்வது உண்மை. அவன் கைக்கு அது லேசு. தகரத்துக்கு லேசு இல்லை.

மூன்று மடங்கு இறுக்கினால் தகரம் என்ன செய்யும்? இந்தக் கட்டுரையின் உயிர்நாடி இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

சேம்பர் விளிம்பு மெல்லிய இரும்புத் தகடு. அதன் மேலே மெத்தென்ற கார்க். போல்ட்டை இறுக்கும்போது அதன் தலை, துளையைச் சுற்றியுள்ள தகட்டை மட்டும் மேலே இழுக்கிறது. மெத்தைக்குள் முழங்கை புதைவது போலத் துளையின் ஓரம் கார்க்குக்குள் புதைகிறது. அடுத்த போல்ட்டிலும் அதே கதை. இரண்டு போல்ட்டுக்கும் நடுவே இருக்கும் தகட்டை இழுக்க யாரும் இல்லை. இரு முனையும் மேலே போவதால் நடுப்பகுதி கீழே வளைகிறது. ஆக, போல்ட் இருக்கும் இடத்தில் கார்க் நசுங்கிப்போய்க் கிடக்கிறது, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் தொளதொளவென்று நிற்கிறது. எண்ணெய் நடுவழியாக வருகிறது. வந்ததைப் பார்த்து மறுபடி இறுக்குகிறோம். நடு இன்னும் கீழே போகிறது. இன்னும் ஒழுகுகிறது. மறுபடி இறுக்குகிறோம்.

ஒழுக்குக்குச் சொல்லும் மருந்தே ஒழுக்கை வளர்க்கிறது என்று நான் சொன்னால் மெக்கானிக் சங்கத்துக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். சண்டை வேண்டாம், சோதித்துப் பாருங்கள். கழற்றி வைத்திருக்கும் ஏதாவது ஒரு பழைய சேம்பரை எடுங்கள். சமையல்மேடைக்குப் போட்டது போக மீந்த கிரானைட் துண்டு கொல்லைப்புறத்தில் கிடக்கும். அதன்மேல் விளிம்பு கீழே படும்படி சேம்பரைக் கவிழ்த்து வையுங்கள். வைத்த உடனே டக் டக் என்று ஆடும். ஒரு பக்கத்தில் டார்ச் அடித்துவிட்டு எதிர்ப்பக்கம் குனிந்து பாருங்கள். துளை இருக்கும் இடமெல்லாம் கல்லில் முட்டிக்கொண்டு நிற்கும். துளைக்கும் துளைக்கும் நடுவே வெளிச்சம் கோடு கோடாகத் தெரியும். என் பட்டறையில் வந்த ஒரு சேம்பரில் அந்த இடைவெளிக்குள் ஃபீலர் கேஜின் ஒரு மில்லிமீட்டர் தகடு தாராளமாகப் போய் வந்தது. முன்பு எத்தனை பேர் அதற்குக் கால் சுற்று வைத்தார்களோ. அத்தனை பேரின் கையெழுத்தும் அந்த விளிம்பில் இருந்தது.

இதைச் சரிசெய்ய மெஷின் எதுவும் வேண்டாம். வைஸின் தட்டையான தாடைமேலோ கனமான இரும்புக் கட்டைமேலோ விளிம்பை வைத்து, புடைத்துக்கொண்டு நிற்கும் துளையோரத்தைப் பால் பீன் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமமாக்க வேண்டும். சமத்துக்கு ஒரு மயிரிழை அந்தப் பக்கம் போனால் நல்லது. போல்ட் ஏறும்போது அது தானே நேராகிக்கொள்ளும். தட்டுவது, கல்லில் வைப்பது, டார்ச் அடிப்பது, மறுபடி தட்டுவது. அரை மணி நேர வேலை. இந்த அரை மணி நேரத்தை என்ஜின் வேலைப் பட்டியலில் எந்தப் பட்டறையும் எழுதி நான் பார்த்ததில்லை. போர், கிரைண்டிங், வால்வு சீட் எல்லாவற்றுக்கும் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்குப் பார்க்கிற நாம், சேம்பர் என்று வந்ததும் தகர டப்பாதானே என்று பையன் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறோம்.

அடுத்தது பேஸ்ட். பேஸ்ட்டின்மேல் எனக்குக் கோபமில்லை. அது நல்ல பொருள். அதைப் பட்டறையில் சட்னி மாதிரி வைப்பதில்தான் கோபம்.

சிலிக்கான் பேஸ்ட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் ரப்பராக இறுகுகிறது. எண்ணெய் படிந்த பரப்பில் அது ஒட்டவே ஒட்டாது. மண்ணெண்ணெயில் கழுவிவிட்டால் சுத்தம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மண்ணெண்ணெய் காய்ந்தாலும் ஒரு பூச்சை விட்டுத்தான் போகும். கடைசியாக ஒருமுறை தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் விரல் மொத்தத்துக்குப் பேஸ்ட்டைப் பிதுக்கிச் சேம்பரைத் தூக்கி மாட்டினால், வெளியே வழிந்தது அழகாகத் தெரியும். விரலால் வழித்து மட்டம் பண்ணிவிடுவோம். வெளியே வழிந்த அதே அளவு உள்ளேயும் வழிந்திருக்கும். அதை வழிக்க உள்ளே விரல் கிடையாது.

உள்ளே வழிந்தது என்ன ஆகும் என்பதை நான் என் செலவில் கற்றேன். பல வருஷத்துக்கு முன் நானே கட்டிய என்ஜின் அது. ஒழுகக்கூடாது என்ற வைராக்கியத்தில் ஒரு டியூப் முழுதும் அதற்கே செலவானது. சொல்லி வைத்தாற்போல ஒரு சொட்டு ஒழுகவில்லை. மூன்றாவது மாதம், நெடுஞ்சாலையில், ஆயில் பிரஷர் முள் இறங்கி இறங்கிப் படுத்துவிட்டது. வண்டிக்காரர் முள்ளைப் பார்த்தபோது அடியில் தடதடவென்று சத்தம் ஆரம்பித்திருந்தது. இறக்கிப் பார்த்தேன். பம்புக்கு எண்ணெய் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையில் சிவப்புச் சிவப்பாக ரப்பர் நூல்கள், புழு மாதிரி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. பிக் எண்ட் பேரிங் உருகி, கிராங்க் கோடு விழுந்திருந்தது. கிராங்க் கிரைண்டிங் மறுபடியும், இந்த முறை என் காசில். தரையில் சொட்டும் எண்ணெய் வண்டிக்காரரின் கோலத்தைத்தான் கெடுக்கும். உள்ளே விழும் பேஸ்ட் என்ஜினைக் கொல்லும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்றால் நான் ஒழுகும் என்ஜினைத்தான் எடுப்பேன்.

“ஜப்பான் வண்டிக்கெல்லாம் பேக்கிங்கே கிடையாதே, கம்பெனியிலேயே பேஸ்ட்தானே வெக்கிறான்?” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. பல ஜப்பானிய என்ஜின்களின் சேம்பர்களுக்கு வெறும் பேஸ்ட்தான், வாஸ்தவம். ஆனால் கம்பெனிக்காரன் வைக்கும் விதத்தைப் பாருங்கள். அந்த விளிம்பையே பேஸ்ட்டுக்காக வடிவமைத்திருப்பான். பரப்பு எண்ணெய்ப் பசையே இல்லாமல் காய்ந்திருக்கும். மூக்கை அளவாக வெட்டிய டியூபிலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனில் ஒரே கோடு, எங்கும் அறுபடாமல், ஒவ்வொரு போல்ட் துளைக்கும் உள்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகும். சில நிமிடத்துக்குள் மாட்டியாக வேண்டும். மேலே தோல் கட்டிவிட்டால் வழித்தெறிந்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்லும் கையேடு. ‘தாராளமாக வை’ என்று எந்தக் கையேடும் சொல்வதில்லை. அந்த ஜப்பான் ஒழுங்கை விட்டுவிட்டு டியூபை மட்டும் இறக்குமதி செய்துகொண்டது நாம்தான்.

பேக்கிங்கும் போட்டு அதன் இரண்டு பக்கமும் பேஸ்ட்டும் பூசுவது இன்னொரு பழக்கம். ஒன்றுக்கு இரண்டு பாதுகாப்பு என்று நியாயம் சொல்வார்கள். ரப்பர் பேக்கிங்காக இருந்தால் இதைவிடக் கெடுதல் வேறில்லை. ரப்பரை அமுக்கினால் அது சுருங்காது. பக்கவாட்டில் பிதுங்கத்தான் பார்க்கும். காய்ந்த இரும்பின் சொரசொரப்புதான் அதைப் பிடித்து வைக்கிறது. அந்தப் பிடிமானத்தில் வழவழ பேஸ்ட்டைத் தடவிவிட்டு இறுக்கினால் சோப்புத் துண்டைக் கையில் அழுத்தியது போல வழுக்கிக்கொண்டு வெளியே வரும். நாலு போல்ட்டுக்கு நடுவே நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பேக்கிங்கைப் பார்க்காத மெக்கானிக் இருக்க முடியாது. பேக்கிங் டூப்ளிகேட் என்று கடைக்காரனைத் திட்டுவோம். கார்க்கின் குணம் வேறு. அமுக்கினால் அது தனக்குள்ளேயே ஒடுங்கிக்கொள்ளும், அவ்வளவாகப் பிதுங்காது. பாட்டில் மூடிக்கு அதைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் குணத்துக்காகத்தான். ஆனால் ஒடுங்க ஒரு எல்லை உண்டு. எல்லை தாண்டினால் தூளாகிவிடும்.

பேஸ்ட் எங்கே வேண்டும் என்றால், மூன்று பாகங்கள் ஒரு புள்ளியில் கூடும் மூலைகளில். பி-சீரிஸில் சேம்பரின் இரண்டு பக்கத்துக்கும் நீளப் பேக்கிங், முன்னும் பின்னும் மெயின் கேப்பின்மேல் அரைவட்டமாக உட்காரும் கார்க் பட்டை. பட்டையும் நீளப் பேக்கிங்கும் சந்திக்கும் மூலைகள் நாலு. அங்கே மட்டும் பட்டாணி அளவுக்கு ஒரு பொட்டு. அந்த அரைவட்டப் பட்டையையும் சிலர் பிளேடால் சீராக வெட்டி விளிம்போடு மட்டமாக்கிவிடுகிறார்கள், பார்க்க நேர்த்தியாக இருக்கிறதென்று. அதன் நுனி சற்றுத் தூக்கலாக நிற்பதே அமுங்கி அடைத்துக்கொள்வதற்காக. நேர்த்திக்கு ஆசைப்பட்டு அடைப்பை வெட்டி எறிகிறோம்.

சுரண்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பேக்கிங்கை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிக் கோடு போடுவது பழைய பாவம். இப்போது கிரைண்டரில் சொரசொரப்பு வட்டை மாட்டி இரண்டு நிமிடத்தில் பளபளவென்று ஆக்குவது புதுப் பாவம். அந்த வட்டிலிருந்து உதிரும் தூள் பேரிங்குக்குப் போனால் என்ன ஆகும் என்று அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் மெக்கானிக்குகளுக்கு எழுத்து மூலமே எச்சரிக்கை அனுப்பியது. புது பேரிங் போட்ட என்ஜினின் திறந்த வயிற்றுக்குமேல் கிரைண்டர் பிடிக்கிறவரை வேறு எந்த வார்த்தையால் நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதுவரை பேக்கிங்தான் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டே பேசினேன். அதையே நான் ஒப்புக்கொள்வதில்லை. எண்ணெய் கீழ்நோக்கித்தான் போகும். ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னால் தள்ளும். என்ஜினின் எந்த மூலையில் ஒழுகினாலும் கடைசியில் சொட்டுவது சேம்பரின் பின்விளிம்பில்தான். சொட்டுகிற இடத்தைப் பிடித்துத் தண்டிப்பது, மாடியில் குழாய் உடைந்ததற்குக் கீழ்வீட்டுக்காரனிடம் சண்டை போடுவதற்குச் சமம். டேப்பட் கவர் பேக்கிங், டைமிங் கவர், டிஸ்ட்ரிபியூட்டர் அடி, ஆயில் ஃபில்டர் என்று மேலே சந்தேகப்பட ஆள் நிறைய. பி-சீரிஸில் பிளாக்கின் விலாவில் இரண்டு சைடு கவர் உண்டு. மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். அவற்றின் கார்க் மேனிஃபோல்டுச் சூட்டில் காய்ந்து சுக்காகி, வழியும் எண்ணெய் பிளாக்கோடு ஒட்டிக்கொண்டே இறங்கிச் சேம்பர் விளிம்புக்கு வரும். அந்தக் கவரை நடுவில் ஒரே போல்ட்டால் பிடித்திருப்பார்கள். அதற்கும் ஒரு கால் சுற்று வைத்து, கவரின் நடுவைக் குழியாக்கி, ஓரத்தைத் தூக்கிவிட்டிருப்போம்.

அதைவிட முக்கியம் கிராங்கின் பின்முனை. மூன்று மெயின் பேரிங் உள்ள இந்தப் பழைய பி-சீரிஸில் பின்பக்கம் ரப்பர் ஆயில் சீல் என்று ஒன்றே கிடையாது. கிராங்கில் மரை மாதிரி வெட்டியிருப்பார்கள். கிராங்க் சுற்றும்போது அந்த மரை எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும். என்ஜின் நின்றதும் அந்த மரையும் நின்றுவிடும். தேய்ந்த என்ஜினில், வண்டியை மேட்டைப் பார்த்து நிறுத்தினால், எண்ணெய் அந்த வழியாகக் கிளட்ச் ஹவுசிங்குக்குள் இறங்கி, அதன் அடியில் ஸ்பிளிட் பின் தொங்கும் சின்னத் துளை வழியாகச் சொட்டும். அந்தத் துளையே அதற்காக வைத்ததுதான். அங்கே சொட்டும் எண்ணெய்க்குச் சேம்பர் பேக்கிங்கை மூன்று முறை மாற்றிய வண்டி ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. நான்காவதாக மாற்றுவதற்காக.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். என்ஜினை நன்றாகக் கழுவிக் காயவைத்து, சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடரைத் தூவிவிட்டுக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தால், வெள்ளையின்மேல் முதல் கறுப்புக் கோடு எங்கே ஆரம்பிக்கிறதோ அதுதான் இடம். பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பிரீதரையும் சொல்லியாக வேண்டும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் புகை எப்போதும் கீழே வரும். புது ரிங் படியும்வரை கொஞ்சம் கூடுதலாகவே வரும். அது வெளியேறப் பிரீதர் குழாய். ஆயில் வாடை வண்டிக்குள் அடிக்கிறது என்று அந்தக் குழாயைத் துணி வைத்து அடைத்த புண்ணியவான்கள் உண்டு. அடைக்காவிட்டாலும் வருஷக்கணக்கான கசடு தானாகவே அடைத்துவிடும். வழி அடைபட்ட காற்று எந்தப் பேக்கிங்கில் இளக்கம் கிடைக்கிறதோ அதன் வழியாக எண்ணெயையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். சேம்பரில் பிரஷர் இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, பிரீதரை அடைத்தால் உண்டாக்கலாம். எந்த இறுக்கமும் அதற்கு எதிரே நிற்காது. பல்லாயிரம் செலவழித்து என்ஜின் கட்டுகிறவர் பிரீதர் குழாயைத் தின்னரில் ஊறவைத்துக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யவில்லை என்றால், ஒழுகலைப் பற்றிப் பேசும் உரிமை அவருக்கு இல்லை.

சரி, நேரத்துக்கு எங்கே போவது, கஸ்டமர் இதற்கெல்லாம் கூலி கொடுப்பாரா என்பது பட்டறைக்காரர்களின் கடைசி வாதம். இதில் நியாயம் இருக்கிறது; மற்றவற்றைப்போல இதைத் தள்ளிவிட முடியாது. மாலையில் வண்டி வேண்டும் என்று காலையில் நிற்கிறார்கள். பேஸ்ட் இறுக ஒரு நாள் விடு என்று டியூபிலேயே போட்டிருக்கிறது, யார் விடுவார்? அம்பாசடர் உற்பத்தி நின்றதே 2014இல். இன்று கடையில் ஆணியில் தொங்கும் கார்க் பேக்கிங் எந்தக் காலத்தில் வெட்டியதோ, வெயிலில் சுருங்கித் துளைக்குத் துளை சேராது. ஆனால் சுருங்கிய கார்க்கை ஈரத்துணியில் ஓர் இரவு சுற்றிவைத்தால் பெரும்பாலும் பழைய அளவுக்கு வரும் என்று பழைய மேஸ்திரிகளுக்குத் தெரிந்திருந்தது. வளைத்துப் பார்த்து உதிர்ந்தால் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். என்ஜின் ஸ்டாண்டில் தலைகீழாக, காய்ந்து, வெளிச்சத்தில் நிற்கும் அந்த ஒரு நாளில் அரை மணி கொடுக்க மறுத்துவிட்டு, பிறகு வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, முகத்தில் எண்ணெய் சொட்டச் சொட்ட, ஈர விளிம்பில் பேஸ்ட் ஒட்டப் பார்க்கும் மணிக்கணக்குக்கு எந்தக் கஸ்டமர் கூலி கொடுக்கிறார்? அது நம் காசு.

இறுக்குவதற்கு இப்போது நான் ராட்செட்டையே கொடுப்பதில்லை. சின்ன டி-ஸ்பேனர், அதையும் இரண்டு விரலால் பிடித்து. முதலில் எல்லாப் போல்ட்டையும் கையாலேயே ஏற்றி, பிறகு நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி, மூன்று சுற்றில். டார்க் ரெஞ்ச் இருந்தால் கடைசிச் சுற்று அதில். கார்க் என்றால் வண்டி நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு ஒருமுறை தொட்டுப் பார்ப்பதுண்டு, ஏனென்றால் சூட்டில் கார்க் கொஞ்சம் தளரும். வெறும் பேஸ்ட் என்றால் மறுபடி தொடவே கூடாது. இறுகிய ரப்பரைக் கிழிப்பதற்குத்தான் அது உதவும்.

போன மாசம் ஒரு 1489 என்ஜினைக் கட்டி முடித்தோம். சேம்பர் போல்ட்டைப் பையன்தான் வைத்தான். டி-ஸ்பேனரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

“அவ்வளவுதானாண்ணே? ஒரு கால் சுத்து?”

“வேணாம்டா.”

“ஒழுகுனா என்னைச் சொல்லக் கூடாது.”

அன்றிரவு வண்டிக்கடியில் பழைய தினசரித் தாள்களை விரித்து, நாலு மூலையிலும் நட்டு வைத்துவிட்டுப் போனோம். காலையில் நான் வருவதற்குள் அவன் அதை வெளியே இழுத்து வெயிலில் வைத்திருந்தான். சேம்பரைச் சுற்றிய இடமெல்லாம் காய்ந்த தாள். பின்னால், ஸ்பிளிட் பின்னுக்கு நேர் கீழே, சினிமா விளம்பரத்தின்மேல் மட்டும் மிளகு அளவில் இரண்டு சொட்டு. அவன் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது நம்ம பேக்கிங் இல்லண்ணே, கிராங்க் மரை” என்றான்.